சணல் திரித்த விஞ்ஞானி

குழந்தைகளே! ஜகதீஷ் சந்திர போஸ் என்றதும் உங்களுக்குச் செடிகொடிகள்தான் நினைவுக்கு வரும். பாடத்தில் அப்படித்தான் படித்திருப்பீர்கள். அதற்கு முன்பே அவர் கண்ணுக்குத் தெரியாத அலைகளை ஆராயக் கருவிகள் செய்தவர். இன்று அந்தக் கதை.

1858ல் வங்காளத்தில் பிறந்த போஸ், இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885ல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம்! போஸ் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். ஆனால் சம்பளத்தைக் கையால் தொடவில்லை. வீட்டிலோ கடன். மூன்று ஆண்டுகள் கழித்து நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

ஆராய்ச்சிக்கு அவருக்கு வாய்த்தது ஒரு சின்னஞ்சிறு அறைதான். உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக் கருவிகளைச் செய்யவைத்தார்.

ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் மின் அலைகளைக் கண்டுபிடித்திருந்தார். அவர் சோதித்த ஓர் அலையின் நீளம் 66 சென்டிமீட்டர். அலை பெரிதானால் கருவியும் பெரிதாக வேண்டுமே! அந்த அலையை வளைக்க அவர் கீலால் செய்த முப்பட்டகத்தின் எடை சுமார் 600 கிலோ. அந்தச் சின்ன அறைக்குள் அதை எப்படி வைப்பது? போஸ் அலையையே சிறிதாக்கினார். வெறும் 5 மில்லிமீட்டர், ஒரு மிளகு அளவு! வானொலி அலைக்கும், வெப்பமாக நாம் உணரும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்ட அலை அது. இப்போது எல்லாக் கருவியும் ஒரு மேசையில் அடங்கிவிட்டது.

ஒரு கயிற்றைச் சன்னலில் கட்டி மேலும் கீழும் உதறுங்கள். அலையும் மேலும் கீழும் ஆடும். பக்கவாட்டில் உதறினால் பக்கவாட்டில் ஆடும். போஸின் அலைகளும் அப்படி ஒரே திசையில் ஆடுபவை. அதைச் சோதிக்க அவர் எடுத்தது எதைத் தெரியுமா? ரயில் கால அட்டவணைப் புத்தகம்! தாள்களுக்கு நடுவே ஈயத்தகடு போன்ற மெல்லிய உலோகத் தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒருவிதமாகப் பிடித்தால் அலை புகுந்து போனது. கால் சுற்று திருப்பினால் நின்றுவிட்டது.

அடுத்து சணல். நம் ஈத்தாமொழிப் பக்கம் தென்னந்தும்பைத் திரிக்கிறார்களே, அதுபோலச் சணலைத் திரித்து அலையின் வழியில் வைத்தார். வலப்புறம் முறுக்கிய சணல் அலை ஆடும் திசையை ஒரு பக்கம் திருப்பியது. இடப்புறம் முறுக்கியது மறுபக்கம் திருப்பியது. சர்க்கரைக் கரைசலும் ஒளியை இப்படித்தான் திருப்பும், அதன் மூலக்கூறுகளே முறுக்கிய அமைப்பு உள்ளவை என்பதால். அதற்கு 1898லேயே சணலில் மாதிரி காட்டிவிட்டார் போஸ்.

1937ல் அவர் மறைந்தார். 1990களில், அமெரிக்காவில் 1.3 மில்லிமீட்டர் அலைகளைப் பிடிக்க ஒரு வானொலித் தொலைநோக்கிக்குக் கருவி செய்தவர்கள், போஸின் நூறு வருடத்துக்கு முந்தைய யோசனைகள் சிலவற்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.