காசில்லாமல் ஒரு வருஷம் காலேஜை விட்டவர்... அதிபரானதும் என்ன செய்தார்? லிண்டன் ஜான்சனின் கதை

லிண்டன் ஜான்சன் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது வியட்நாம் போர். கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட அன்றைக்கே விமானத்துக்குள் அதிபராகப் பதவியேற்றவர் என்பது அடுத்து. ஆனால் இன்றைக்கும் அமெரிக்காவில் ஓர் ஏழை மாணவர் அரசின் கல்விக் கடனிலோ உதவித்தொகையிலோ படிக்கிறார் என்றால், அல்லது கல்லூரி நூலகத்திலேயே பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறார் என்றால், அதன் பின்னால் பெரும்பாலும் 1965-ல் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இருக்கும்.

கல்லூரியில் சேர்கிறவர்கள் ஏன் பட்டம் வாங்காமல் பாதியில் நின்னுடறாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஜான்சன் எந்த ஆய்வறிக்கையையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அவரே அப்படிப் பாதியில் நின்றவர்தான்.

கடனில் மூழ்கிய குடும்பம்

1908 ஆகஸ்ட் 27-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டோன்வால் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தார் ஜான்சன். வளர்ந்த ஊரின் பெயர் ஜான்சன் சிட்டி. ஊர்ப் பேரிலேயே ஜான்சன் இருக்கு, பெரிய ஜமீன் போலன்னு நினைச்சுட வேண்டாம். உறவினர் ஒருவர் உருவாக்கிய ஊர் என்பதால் வந்த பெயர் அது. அப்பா மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். 1920-க்குப் பிறகு பருத்தி விலை சரிந்ததில் குடும்பம் கடனில் விழுந்தது. அம்மா ரெபேக்கா, அந்தக் காலத்திலேயே கல்லூரியில் படித்தவர். மகனும் எப்படியாவது கல்லூரிக்குப் போகணும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

மகனோ 1924-ல் 15 வயதில் பள்ளிப்படிப்பை முடித்ததும் நண்பர்களோடு கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே கிடைத்த சில்லறை வேலைகளைப் பார்த்தார். ஊர் திரும்பிய பிறகு ரோடு போடும் வேலை. வெயிலில் மண் அள்ளி அலுத்த பிறகுதான் படிக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்.

1927 தொடக்கத்தில், 75 டாலர் கடன் வாங்கிக்கொண்டு, சான் மார்கோஸ் ஊரில் இருந்த தென்மேற்கு டெக்சாஸ் மாநில ஆசிரியர் கல்லூரிக்குப் போனார். அரசுக் கல்லூரி. பெரிய பெயர் எல்லாம் கிடையாது. ஊர்ப் பள்ளியில் படித்தது போதவில்லை என்று, கல்லூரி வகுப்புக்கு முன்பே தகுதிப் பாடங்களையும் படிக்க வேண்டியிருந்தது.

வளாகத்தில் குப்பை பொறுக்கும் வேலையில் ஆரம்பித்து, துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளர் ஆனார். அப்புறம் கல்லூரித் தலைவர் செசில் எவன்ஸின் அலுவலகத்தில் எடுபிடி வேலை. எவன்ஸ் வீட்டு கார் ஷெட்டுக்கு மேலே இருந்த அறையில் தங்கிக்கொண்டார். இத்தனைக்குப் பிறகும் காசு பத்தவில்லை.

கொட்டுல்லாவில் ஒரு வருஷம்

1928-ல் படிப்பை நிறுத்திவிட்டு, மெக்சிகோ எல்லைப் பக்கம் உள்ள கொட்டுல்லா என்ற ஊருக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். அதற்குள் அவர் வாங்கியிருந்த ஆசிரியர் சான்றிதழ் கைகொடுத்தது. மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் மட்டும் படித்த வெல்ஹாசன் பள்ளி அது. ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே தலைமை ஆசிரியர் பொறுப்பையும் பார்த்தார். காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகள். விளையாடக்கூட ஒன்றும் இல்லாத பள்ளி. முதல் சம்பளத்தில் விளையாட்டுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவரைப் பற்றி எழுதிய எல்லாரும் சொல்லும் விஷயம்.

ஒரு வருஷச் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டு 1929-ல் திரும்பவும் கல்லூரிக்கு வந்தார். 1930 ஆகஸ்டில் பட்டம். டெக்சாஸில் உள்ள ஒரு கல்லூரியில் பட்டம் வாங்கிய ஒரே அமெரிக்க அதிபர் இன்று வரை அவர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அவர் திரும்பி வந்துவிட்டார். அந்த வயதில் வேலைக்குப் போய் கையில் சம்பளத்தைப் பார்த்தவர்களில் திரும்பி வராமல் போனவர்களும் உண்டு. அவருக்குச் சான்றிதழ் இருந்தது, கல்லூரித் தலைவரின் ஆதரவு இருந்தது. வெள்ளையராகவும் இருந்தார். அந்தக் கல்லூரி 1963 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவே இல்லை.

முதல் முயற்சி: 26 வயதில்

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் மாணவர்கள் படிப்பை விடுவது அமெரிக்கா முழுக்க பெரிய பிரச்னையாக இருந்தது. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் டெக்சாஸ் இயக்குநர் ஆனார் ஜான்சன். வயது 26. நாட்டிலேயே இளம் மாநில இயக்குநர் அவர்தான்.

திட்டம் ரொம்ப எளிமையானது. மாணவருக்குச் சும்மா பணம் கொடுப்பதில்லை. கல்லூரிக்குள்ளேயே நூலகத்தில், ஆய்வகத்தில், அலுவலகத்தில் சில மணி நேரம் வேலை. அதற்கு அரசு கூலி கொடுக்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் படிப்பை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்கு ஓட வேண்டிய அவசியத்தை அது குறைத்தது. படிக்காத இளைஞர்களுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் சிறு பூங்காக்கள் அமைக்கும் வேலை கொடுத்தார். எவன்ஸ் அலுவலகத்தில் தனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் மற்றவர்களுக்கும் கிடைக்க ஒரு வழி இருக்கு என்பதை அவர் முதன்முதலில் பார்த்தது இங்கேதான்.

அடுத்த 26 வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1937-ல் நாடாளுமன்றப் பிரதிநிதி. 1948-ல் வெறும் 87 ஓட்டு வித்தியாசத்தில் கட்சி வேட்பாளராகி, பிறகு செனட்டர். (அந்த 87 ஓட்டு பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை.) 1955-ல் செனட் பெரும்பான்மைத் தலைவர். 1961-ல் துணை அதிபர். 1963 நவம்பர் 22-ல் அதிபர்.

1965 சட்டம் என்ன செய்தது?

முதல் அடி 1964-லேயே விழுந்தது. வறுமை ஒழிப்புக்காகக் கொண்டுவந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில், படித்துக்கொண்டே வேலை பார்க்கும் திட்டத்தைச் சேர்த்தார். 1935-ல் பார்த்த அதே யோசனைதான். கூலியில் பெரும்பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக்குத் தயார்படுத்தும் 'அப்வர்ட் பவுண்ட்' திட்டமும் அந்தச் சட்டத்தில் பிறந்தது.

1965 நவம்பர் 8-ல் உயர்கல்விச் சட்டம். கையெழுத்திட அவர் தேர்ந்தெடுத்த இடம் வெள்ளை மாளிகை இல்லை, தான் படித்த சான் மார்கோஸ் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம். மிகவும் ஏழை மாணவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவித்தொகை, மற்றவர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் வங்கிக் கடன், வளாக வேலைத் திட்டத்தின் தொடர்ச்சி, கல்லூரி நூலகங்களுக்குப் பணம் என்று பல விஷயங்கள் அதில் இருந்தன. வசதி குறைந்த கல்லூரிகளுக்கான தனி நிதியால், கறுப்பின மாணவர்களுக்காக உருவான பழைய கல்லூரிகள் பயன்பெற்றன. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்லூரியும் இன பேதம் பார்க்கக் கூடாது என்று 1964 சிவில் உரிமைச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பலம் புரியும்.

1968-ல் இன்னொன்று சேர்ந்தது. அதிகம் பேசப்படாத, ஆனால் முக்கியமான ஒன்று. கல்லூரியில் சேர்ந்த பிறகு தடுமாறும் ஏழை மாணவர்களுக்குத் தனிப் பயிற்சியும் வழிகாட்டலும் தரும் திட்டம். உள்ளே வருவது மட்டுமில்லை, முடிச்சுட்டு வெளியே போகணும் என்ற எண்ணம் மத்திய அரசின் உயர்கல்வித் திட்டங்களில் தெளிவாகத் தெரிந்தது இதில்தான்.

எங்கே சறுக்கியது?

ஜான்சனின் சட்டத்தில் கதவைத் திறப்பதற்குக் கொடுத்த கவனம், படிப்பை முடிக்க வைப்பதற்குக் கிடைக்கவில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதுதான் அப்போது வெற்றிக்கு அளவு. வியட்நாம் போர்ச் செலவு வேறு உள்நாட்டுத் திட்டங்களுக்கான பணத்தை இழுத்துக்கொண்டது. பிற்காலத்தில் கல்விக் கட்டணம் ஏற ஏற, உதவித்தொகை பின்தங்கி, கடன் முன்னால் போனது. இன்று அமெரிக்கர்கள் திருப்பிக் கட்ட வேண்டிய கல்விக் கடன் 1.5 லட்சம் கோடி டாலருக்கும் மேல். இதில் ரொம்ப அடிபடுவது கடனும் வாங்கி, பட்டமும் முடிக்காமல் நின்றவர்கள்.

எத்தனை பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்பதைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆகணும் என்ற சட்டம் 1990-ல்தான் வந்தது. நான்கு வருஷப் படிப்பை ஆறு வருஷத்துக்குள் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்க்கும் கணக்கு இது. அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த விகிதம் சமீப ஆண்டுகளில் 60 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கிறது. இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்வியாண்டின் தொடக்கத்தில் முதன்முறையாக, முழுநேர மாணவராகச் சேர்பவர்களைத்தான் அது பின்தொடர்கிறது. ஆண்டின் நடுவில் கல்லூரிக்குப் போன ஜான்சன் இன்று படித்திருந்தால், அவர் பட்டம் வாங்கியது இந்தக் கணக்கில் ஏறியே இருக்காது.

1969-ல் பதவியை விட்டு இறங்கிய ஜான்சன் டெக்சாஸ் பண்ணைக்குத் திரும்பினார். 1972 ஜூனில் அதிபர் நிக்சன் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தி, பிற்காலத்தில் 'பெல் கிராண்ட்' என்று பெயர் பெற்ற அடிப்படை உதவித்தொகையைக் கொண்டுவந்தார். அதற்கு ஏழு மாதம் கழித்து, 1973 ஜனவரி 22-ல், மாரடைப்பால் ஜான்சன் இறந்தார். வயது 64.

2007-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகை போக மிச்சமிருக்கும் கட்டணம் தள்ளுபடி, பாடப் புத்தகத்துக்கு உதவி, இலவச மெட்ரோ கார்டு. கூடவே அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் ஓர் ஆலோசகர். ஒரே மாதிரியான மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து நடந்த ஆய்வில், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கினார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம் பேர்தான். பஸ் கட்டணமும் புத்தக விலையும் பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் 1928-ல் ஒரு மாணவரைக் கொட்டுல்லாவுக்கு அனுப்பியதும் அப்படி ஒரு பற்றாக்குறைதான்.

ஜான்சன் படித்த கல்லூரி இப்போது டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். அவர் கையெழுத்திட்ட சட்டத்தை நாடாளுமன்றம் கடைசியாக முழுமையாகப் புதுப்பித்தது 2008-ல். அந்தக் கெடு 2013-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கால நீட்டிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.