வில்வண்டியும் பள்ளிக்கூடமும்: அய்யன்காளியின் வாழ்க்கை

மன்னராட்சிக் காலத்தில் மணவாளக்குறிச்சி உள்ளிட்ட நம் ஊர்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அந்த நாட்டில் புலையர், பறையர் மக்களுக்குப் பொதுச்சாலையில் நடக்கும் உரிமைகூடக் கிடையாது. அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் அய்யன்காளி.

திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரில் 1863 ஆகஸ்ட் 28 அன்று புலையர் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. எழுதப் படிக்க வாய்ப்பில்லை. தானுண்டு தன் நிலமுண்டு என்று அவர் இருந்திருக்கலாம்.

1893-ல் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். தலைப்பாகை கட்டி, மேல்சாதியார் மட்டுமே போகலாம் என்றிருந்த சாலையில் மாடுகளை ஓட்டிப் போனார். மறித்தவர்கள் ஊர் வழக்கத்தையும் ஊர் அமைதியையும் காரணம் காட்டினர். அந்த ஊர்க் கணக்கில் உழைக்கும் மக்கள் சேரவில்லை. அவர் வண்டியைத் திருப்பவில்லை.

சாலையில் ஒருவர் துணிந்து போகலாம். பள்ளிக்கூடக் கதவு அப்படித் திறக்கவில்லை. 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைச் சேர்க்க அரசு உத்தரவிட்டும் பள்ளிகள் மறுத்தன. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்குவதில்லை என்று விவசாயத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர்.

அன்றாடம் கூலி வாங்கி உண்ட குடும்பங்களுக்கு அது எளிதல்ல. ஒரு வீட்டில் பசி தாங்காமல் வேலைக்குப் போனால் குற்றம் சொல்லவும் முடியாது; பலர் போனால் போராட்டமும் நிற்காது. பசியோடு இருப்பவரிடம் கட்டுப்பாட்டை மட்டும் பேசினால் போதாது என்பதை அய்யன்காளி அறிந்திருந்தார். பக்கத்துக் கடற்கரையான விழிஞ்ஞத்து மீனவர்களிடம் பேசி, வள்ளங்களில் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வயல்களில் களை மண்டியது. ஓராண்டு அளவுக்கு நீடித்த போராட்டம், அரசு நியமித்த நடுவர் கண்டல நாகன் பிள்ளை முன்னிலையில் உடன்பாட்டில் முடிந்தது.

அதன் பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைபிடித்து அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடத்தையே எதிரிகள் எரித்தனர். ஊரெல்லாம் கூலியை விட்டுக்கொடுத்தது இப்படி ஒரு பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் கிடைக்கத்தான். ஒருவரின் உரிமையும் எல்லோரின் நன்மையும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். நிலம், பள்ளி, அரசு வேலை ஆகியவற்றைத் தம் மக்களுக்காகத் தொடர்ந்து கேட்டார்.

1936-ல் கோயில் நுழைவு உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் காந்தி வெங்ஙானூர் வந்தார். அவரிடம் அய்யன்காளி சொன்ன ஆசை, தாம் சாகும் முன் தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றுப் பார்க்க வேண்டும் என்பது. 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

இன்று நம் ஊரிலிருந்து கல்லூரிக்குப் பேருந்து ஏறும் மாணவர்கள், அந்த இடம் வர எத்தனை வீட்டு அடுப்புகள் எரியாமல் கிடந்தன என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.