குருதியின் அசைவைக் கண்ட ஓர் அகதி

2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், முகாம் ஒன்றின் தறப்பாள் கொட்டிலுக்குள் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் குருதிச் சுற்றோட்டம். இனிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இருக்கவில்லை. ஒரு கதை மட்டும் இருந்தது. அது மக்ஸ் பெரூட்ஸின் கதை.

பெரூட்ஸ் 1914 ஆம் ஆண்டு வியன்னாவில், வசதியான நெசவாலைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். யூத வழிவந்த குடும்பம். 1936 இல் ஆராய்ச்சி மாணவராக கேம்பிரிட்ஜ் சென்றார். அடுத்த ஆண்டே ஈமோகுளோபினைத் தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். நமது செங்குருதிக் கலங்களில் நிறைந்திருந்து, ஒட்சிசனைச் சுமந்து செல்லும் புரதம் அது. ஏறத்தாழ பத்தாயிரம் அணுக்கள் கொண்ட அந்த மூலக்கூறின் உருவத்தை அறிய முடியும் என்று அப்போது நம்பியவர்கள் மிகச் சிலர்தான்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்தார். குடும்பத்தின் ஆலை பறிபோனது. பெற்றோர் சுவிற்சர்லாந்துக்கு ஓடினார்கள். வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. விடுமுறைக்கு வீடு திரும்பக்கூடிய மாணவராக இருந்தவர், ஒரே இரவில் அகதியானார். பேராசிரியர் லோறன்ஸ் பிராக் ரொக்கபெல்லர் நிதியத்திடமிருந்து உதவித்தொகை பெற்றுக்கொடுத்ததால்தான் ஆய்வு தொடர்ந்தது. 1939 இல் பெற்றோரும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் 1940 மே மாதம் பிரித்தானியப் பொலிசார் அவரைக் கைது செய்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர், ஹிட்லரின் நாட்டவர் என்ற பெயரில் அடைக்கப்பட்டார். கலாநிதிப் பட்டம் பெற்ற அதே ஆண்டு அது. முகாம் முகாமாக மாற்றப்பட்டு, கடைசியில் கப்பலில் ஏற்றப்பட்டு, கனடாவின் கியூபெக் நகரக் கோட்டையில் முட்கம்பிக்குள் விடப்பட்டார். அதே நாட்களில் கைதிகளை ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் என்ற கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

முட்கம்பிக்குள் அவர்கள் ஒரு பல்கலைக்கழகம் நடத்தினார்கள். ஹேர்மன் பொண்டி கணிதம் எடுத்தார். பெரூட்ஸ், பளிங்குகளில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் படிப்பித்தார். எங்கள் கொட்டில் வகுப்பில் இந்த இடம் வந்தபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

1941 தொடக்கத்தில் அவர் கேம்பிரிட்ஜ் திரும்பினார். அடைத்து வைத்த அதே அரசு, பனிக்கட்டியால் விமானந்தாங்கிக் கப்பல் கட்டும் இரகசியத் திட்டமொன்றுக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த வேலைக்காக அமெரிக்கா அனுப்ப வேண்டியிருந்ததால், அவசர அவசரமாகக் குடியுரிமையும் கொடுத்தது. அந்தக் கப்பல் கட்டப்படவேயில்லை.

போருக்குப் பிறகு மீண்டும் ஈமோகுளோபின். பளிங்கினூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தினால் படத்தில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து உருவத்தைக் கணக்கிட முக்கியமான ஒரு தகவல் குறைவாக இருந்தது. 1953 இல் மூலக்கூறில் பாதரச அணுக்களை இணைத்து, அந்தத் தகவலைப் பெறும் வழியைக் கண்டார். கையால் செய்து முடிக்கமுடியாத கணக்குகளை கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிகள் செய்தன. 1959 இல் உருவம் தெரிந்தது. தொடங்கி 22 ஆண்டுகள். 1962 இல் ஜோன் கென்றூவுடன் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒட்சிசன் சேரும்போது ஈமோகுளோபின் அசைகிறது, தன் உருவத்தையே மாற்றுகிறது. இரும்பு அணு சிறிது நகர, அந்த நகர்வு நான்கு புரதச் சங்கிலிகளுக்கும் பரவுகிறது. முதல் ஒட்சிசன் சேர்ந்ததும் அடுத்தவை சேர்வது இலகுவாகிறது. இந்தப் பொறிமுறையை 1970 இல் விளக்கினார்.

ஒரு புதிர் மிஞ்சியது. அசையாத படத்தில், ஒட்சிசன் இரும்பைச் சென்றடைய வழியே தெரியவில்லை. அதற்கு விடை கணினியிலிருந்து வந்தது. சிறுவனாக அதே வியன்னாவிலிருந்து 1938 இல் தப்பிய மார்ட்டின் கார்ப்ளஸும் அவரது குழுவினரும், அணுக்களுக்கிடையிலான விசைகளைக் கணக்கிட்டு, ஒரு சிறிய புரதத்தின் அசைவை 1977 இல் கணினியில் ஓடவிட்டார்கள். அவர்கள் கண்டது, ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஏறத்தாழ ஒன்பது பங்கு நேரம் மட்டுமே. ஆனால் புரதம் கல் அல்ல, ஓயாமல் துடிப்பது என்பதை அது காட்டியது. அந்தத் துடிப்பில் திறந்து மூடும் இடைவெளிகளால்தான் ஒட்சிசன் நுழைகிறது. இன்று கலத்துக்குள் நெருக்கியடித்து நகரும் மூலக்கூறுகளையே கணினியில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

பெரூட்ஸ் 2002 பெப்ரவரியில் காலமானார்.

அவரது கதையும் எங்களது கதையும் ஒன்றல்ல. அவருக்கு ஒரு பேராசிரியர் இருந்தார், உதவித்தொகை இருந்தது, சில மாதங்களில் கதவு திறந்தது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அவை எதுவும் கிடைக்கவில்லை. முயற்சி திருவினையாக்கும் என்று சொல்லி அதை மறைக்க எனக்கு மனமில்லை. அன்று நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது இவ்வளவுதான்: முட்கம்பிக்குள் அவர் படிப்பித்தபோது, எப்போது வெளியே போவோம் என்று அவருக்கும் தெரியாது. அவள் குறிப்புப் புத்தகத்தை மீண்டும் திறந்தாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.