வேடம் புனைந்த பேராசிரியர்

நாடக மேடை ஏறுவோரைக் கூத்தாடி என்று இகழ்ந்து ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. கற்றோர் நாடகம் பார்ப்பதையே இழிவெனக் கருதினர். அந்நாளில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் பெண் வேடம் புனைந்து மேடையேறினார். அவரே பரிதிமாற் கலைஞர்.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சூரியநாராயணன். தந்தை கோவிந்த சிவனாரிடம் வடமொழியும், சபாபதி முதலியாரிடம் தமிழும் பயின்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1892இல் பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மை பெற்றார். தத்துவ ஆசிரியராகும் வாய்ப்பு அவருக்குக் காத்திருந்தது. தமிழாசிரியர்க்கு மதிப்பும் ஊதியமும் குறைந்திருந்த அக்காலத்தில் அவர் விரும்பி ஏற்றதோ தமிழாசிரியர் பணியே. வகுப்பு முடிந்த பின்னரும் ஓயாது, ஆர்வமுள்ள மாணவரை இல்லத்திற்கு அழைத்துத் தமிழ் கற்பித்தார். அவர்களுக்கு இயற்றமிழ் மாணவர் என்று பெயரும் சூட்டினார்.

முத்தமிழுள் நாடகத் தமிழ் நலிந்து கிடப்பது அவர் நெஞ்சை வருத்தியது. ரூபாவதி, கலாவதி, மான விஜயம் என்னும் நாடகங்களை இயற்றினார். களவழி நாற்பது பிறந்த வரலாற்றைத் தழுவியது மான விஜயம். நாடகத்திற்குரிய இலக்கணத்தை நாடகவியல் என்னும் நூலாக 1897இல் வகுத்தார். எழுதியதோடு நில்லாமல், ரூபாவதியாகவும் கலாவதியாகவும் தாமே கோலம் பூண்டு நடித்தார். புலவர் ஒருவர் சேலையும் அணியும் பூண்டு அவையின் முன் நிற்பதென்றால், அந்நாளில் அதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அவர் பூண்ட வேடத்தால் அவர் புலமை குன்றவில்லை. நாடகத்தின் மதிப்பே உயர்ந்தது.

1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்றும் தமிழை நீக்கும் முயற்சி எழுந்தது. பேராசிரியர் பூரணலிங்கம் பிள்ளையுடன் கூடி அதனைத் தடுக்கப் பாடுபட்டார், முயற்சி கைவிடப்பட்டது. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் நிறுவிய கருத்தை, நூறாண்டு கழித்து 2004இல் நடுவணரசு ஏற்றது. ஆயின் அதனைக் காண அவர் இல்லை. என்புருக்கி நோய்க்கு ஆளாகி 1903 நவம்பர் 2ஆம் நாள், தம் 33ஆம் அகவையில் மறைந்தார்.

மாரிகுப்பத்துப் பெருமக்களே! நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இத்தங்கவயலுக்கு வந்தபோது, கைப்பொருளாகக் கொணர்ந்தது தாய்மொழி ஒன்றே. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அச்செல்வம் மட்டும் இன்னும் நம் கையில் உள்ளது. மேடையேற நாணும் நம் பிள்ளைகளுக்கு இப்பெரியார் வாழ்வை எடுத்துரைப்போம். மாலை வேளையில் நம் இல்லத் திண்ணையும் ஒரு தமிழ் வகுப்பாகட்டும்.