பையை விழுங்கிய பாதிரியார்

நாம் விழுங்கிய உணவு வயிற்றில் அரைபடுகிறதா, அழுகுகிறதா, கரைகிறதா? நம் பாடப்புத்தகம் ஒரே வரியில் விடை சொல்லிவிடுகிறது. அந்த வரிக்காகத் தம் வயிற்றையே ஆய்வுக்கூடமாக்கியவர் லாசரோ ஸ்பல்லன்சானி.

1729-ல் வட இத்தாலியின் ஸ்கான்டியானோவில் பிறந்த இவர், சட்டம் பயிலவே போலோஞா சென்றார். அங்கே பௌதிகம் கற்பித்த உறவினர் லாரா பாஸி அம்மையாரே இவரை விஞ்ஞானத்தின்பால் திருப்பினார். (மாணவிகளாகிய நாம் இதை இருமுறை படிக்கலாம்!) பின்னர் குருவானவராகி, பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியருமானார்.

பறவைகளிலும் விலங்குகளிலும் சோதித்த பின், மனிதனின் முறை வந்தது. குடலில் சிக்கிக்கொள்ளுமோ என்ற அச்சம் இவருக்கும் இருந்தது. ஆயினும் மென்ற ரொட்டியைச் சிறு துணிப்பையில் தைத்து விழுங்கினார். பை முழுதாக வெளிவந்தது, ரொட்டியைக் காணோம்! அடுத்து, சிறிது நசுக்கினாலும் நொறுங்கக்கூடிய துளையிட்ட மரக்குழாய்களில் இறைச்சியை அடைத்து விழுங்கினார். குழாய் உடையவில்லை, இறைச்சி கரைந்திருந்தது. ஆகவே வயிறு அரைக்கும் எந்திரமன்று.

அப்படியானால் கரைப்பது எது? பறவைகளின் இரைப்பை நீரைக் கண்ணாடிக் குழாயிலிட்டு, அதில் இறைச்சியைப் போட்டார். இன்னொரு குழாயில் இறைச்சியுடன் வெறும் தண்ணீர். உடற்சூடு வேண்டுமே! இரண்டையும் மூன்று நாட்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடமாடினார். இரைப்பை நீரில் இறைச்சி கரைந்தது. தண்ணீரில் அழுகத் தொடங்கியது. அந்தத் தண்ணீர்க் குழாய் இல்லையேல், வெறும் சூடே இறைச்சியைக் கரைத்ததென நாம் வாதாடியிருப்போம்.

1780-ல் இவற்றை நூலாக வெளியிட்டார், 1799-ல் மறைந்தார். இரைப்பை நீரில் இயல்பாக அமிலமில்லை என்றே இவர் எண்ணியிருந்தார். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டென வில்லியம் பிரௌட் 1824-ல் எழுதினார்.