சர் டக்ளஸ் நிக்கல்ஸ்: உதைபந்தாட்ட வீரரும் வாலிபரின் நண்பரும்

விளையாட்டினால் தேகம் வலிவடையும் என்பதை யாவரும் அறிவர். அதன் மூலம் ஒருவருடைய உள்ளம் விரிந்து, அவரால் பிறரும் வாழ்வு பெறுதல் அரிதினும் அரிது. அத்தகைய ஒரு ஜீவியத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

டக்ளஸ் நிக்கல்ஸ், 1906-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 9-ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் மரே நதிக்கரையிலுள்ள கம்மரகுஞ்சா என்னும் ஆதிக்குடிகள் குடியிருப்பிற் பிறந்தார். அவ்வூர்ப் பாடசாலையில் நெடுங்காலம் உபாத்தியாயராயிருந்தவர், மொரீசுத் தீவிற் பிறந்த இந்திய வமிசத்தவராகிய தாமஸ் ஷாத்ராக் ஜேம்ஸ் என்பதறிய நாம் மகிழ்கின்றோம். ஆதிக்குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்தல் அக்காலத்து அரசாங்க வழக்கம். டக்ளஸ் எட்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது, அவர் தமக்கையைப் போலீசார் பலவந்தமாய்க் கொண்டுபோயினர். சில ஆண்டுகளுக்குப் பின் அவரும் பள்ளியை விட்டு ஆட்டுப் பண்ணைகளில் வேலைக்கமர்ந்தார்.

1859-ல் மெல்போர்ன் நகரில் விதிகள் வகுக்கப்பட்ட ஆஸ்திரேலிய உதைபந்தாட்டம், முட்டை வடிவான பெரு மைதானத்தில் பக்கத்திற்குப் பதினெண்மர் நின்று ஆடுவது. பந்தைக் கையாற் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியாற் குத்தி அனுப்பலாம், எறிதல் மட்டும் ஆகாது. நெட்டையருக்கே ஏற்றதென எண்ணப்படும் இவ்வாட்டத்தில், ஏறக்குறைய ஐந்தடி இரண்டங்குலமே உயரமுள்ள டக்ளஸ் தமது வேகத்தினாற் சிறந்து விளங்கினார்.

ஆயினும் 1927-ல் கார்ல்டன் கழகத்திற் சேர முயன்றபோது, அவருடைய நிறமே அவருக்குத் தடையாயிற்று. மனந்தளராது நார்த்கோட் கழகத்திற் சேர்ந்தார். அக்கழகம் 1929-ல் வெற்றிக் கேடயம் பெற்றது. 1932-ல் பிட்ஸ்ராய் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே உடைமாற்றும் அறையின் மூலையில் அவர் தனித்திருக்கக் கண்டு, அக்காலத்துத் தலைசிறந்த ஆட்டக்காரராகிய ஹேடன் பண்டன் தாமே சென்று அவரருகில் அமர்ந்தார் என்பர். சிறு செயலே எனினும் அதன் பயன் பெரிது. டக்ளஸ் அக்கழகத்திற்காக 54 பந்தயங்கள் ஆடி, 1935-ல் விக்டோரியா மாகாணக் கோஷ்டியிலும் இடம்பெற்றார்.

தமக்குக் கிடைத்த அந்த அருகிருக்கையை அவர் பிறருக்கு அளித்ததே அன்னாரின் எஞ்சிய சரித்திரம் என்னலாம். யுத்தகாலத்திற் சேனையிற் சேர்ந்த அவரை, பிட்ஸ்ராய்ப் போலீசாரே வேண்டி விடுவித்து, அந்நகர்ப்பகுதியில் வாழ்ந்த ஆதிக்குடிகளிடையே தொண்டாற்றச் செய்தனர். தமக்கையைப் போலீசார் கொண்டுபோகக் கண்ட சிறுவனுக்கு, போலீசாரே இவ்வாறு தேடி வரும் நாளும் வந்தது! குடியிலுஞ் சூதிலும் அகப்பட்டோரைத் தேடிச் சென்றார். கோர் வீதி ஆலயத்திற் போதகரானார். 1947-ல் நார்த்கோட் கழகத்திற்குப் பயிற்சியாளராயும் இருந்தார். ஆதிக்குடிச் சிறுவர் சிறுமியருக்கு விடுதிகள் அமைத்தார். கடற்கரையூராகிய குயின்ஸ்கிளிப்பில் விடுமுறை இல்லங்களும் ஏற்படுத்தினார். தம் இனத்தாரின் உரிமைக்காக 1938 முதற்கொண்டே மேடைகளில் வாதாடினார்.

1972-ல் ஆதிக்குடிகளுள் முதன்முதலாகச் சர் பட்டம் பெற்றார். 1976 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் கவர்னரானார். நோய் காரணமாக 1977 ஏப்ரலில் அப்பதவியினின்று விலகினார். 1988 ஜூன் 4-ல் காலஞ்சென்ற அன்னாரின் உடல், பிறந்த கம்மரகுஞ்சாவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. 2016 முதல் ஆண்டுதோறும் அந்நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் சுற்றுப் பந்தயங்களை அவர் பெயரால் நடத்தி வருகின்றது.

மாணவ நண்பர்களே, நம் மைதானத்திலும் மூலையில் தனித்திருப்போர் உளர். பண்டனைப் போல் எழுந்து சென்று அவரருகில் அமர்தல் நம்மில் யாருக்கும் இயலாத காரியமன்று. அவ்வாறு அமர்த்தப்பட்டவர் பின்னர் எத்தனை பேருக்கு இடமளிப்பார் என்பதை யாரே அளவிட வல்லார்?