இருகரையிலும் செல்லுபடியான காசு

சாயல்குடியில் எங்கள் வீட்டுப் பனையோலைக் கொட்டான் ஒன்றில் பாட்டனார் பழைய நாணயங்களைப் போட்டு வைத்திருந்தார். கொழும்பில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர் அவர். இலங்கைச் சதமும் இந்திய அணாவும் அதில் கலந்தே கிடந்தன. அவற்றினிடையே தேய்ந்த செப்புக்காசு ஒன்றும் இருந்தது. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அது இராஜராஜன் காசு, இருகரையிலும் செல்லுபடியானது என்பார் அவர்.

இன்று இந்திய ரூபாய் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் கிடைக்கிறது. இதை நம் பெருமையாகப் பேசுவோரைக் காணும்போதெல்லாம் அந்தக் காசும், அதை வெளியிட்ட மன்னனின் வாழ்க்கையும் என் நினைவுக்கு வருகின்றன.

சுந்தர சோழனுக்கும் வானவன்மாதேவிக்கும் பிறந்த அருண்மொழி, எளிதில் அரியணை ஏறியவனல்லன். தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். பின்னர் சிற்றப்பன் உத்தம சோழன் ஆள, அருண்மொழி காத்திருந்தான். 985இல்தான் முடி அவனை வந்தடைந்தது.

அப்போது கடலுக்கு அப்பால், அநுராதபுரத்தில், ஐந்தாம் மகிந்தன் வேறொரு துயரில் சிக்கியிருந்தான். வரி வசூலாகவில்லை, படைவீரர்களுக்குக் கூலி கொடுக்க முடியவில்லை. கூலி பெறாத படை கிளர்ந்தெழ, அரசன் தெற்கே உரோகணத்துக்குத் தப்பியோடினான். எதிர்க்கரையிலிருந்து சென்ற குதிரை வணிகன் ஒருவன் இந்நிலையைச் சோழ மன்னனிடம் வந்து சொன்னதாக இலங்கையின் சூளவம்சம் பதிவு செய்கிறது. ஓர் அரசு வாளால் வீழுமுன் கருவூலத்தால் வீழ்ந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

993ஆம் ஆண்டையொட்டிச் சோழப் படை ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியது. பொலன்னறுவை ஜனநாதமங்கலமாயிற்று, மாதோட்டம் இராஜராஜபுரமாயிற்று. அந்தப் படையெடுப்பில் விகாரைகள் சூறையாடப்பட்டதையும் அதே நூல் வேதனையோடு கூறுகிறது. நம் பெருமன்னனின் வரலாற்றை எழுதும்போது இதை மறைப்பது நேர்மையாகாது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடையளித்தவனும் அவனே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலத்தை அளந்து வரியை முறைப்படுத்தியது அவனது பெரும் சாதனை. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் பக்தியை மட்டுமல்ல, கணக்கையும் பேசுகின்றன. கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தின, நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஈழத்து ஊர்கள் சிலவும் அக்கோயிலுக்கு வருவாய் தர எழுதி வைக்கப்பட்டன.

1014இல் இராஜராஜன் மறைந்தான். அவன் மகன் இராஜேந்திரன் மகிந்தனைச் சிறைப்பிடித்தான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழர்களை வெளியேற்றினான். ஆயினும் நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட அக்காசின் வடிவம் வெளியேறவில்லை. பராக்கிரமபாகுவும் நிசங்கமல்லனும் அரசி லீலாவதியும் தத்தம் பெயரை மட்டும் பொறித்து, அதே வடிவில் காசு வெளியிட்டனர். அந்த வடிவம் முதலில் எக்கரையில் தோன்றியது என்பதில் நாணயவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பகைவனின் ஆட்சியை விரட்டிய மக்களும் கைக்குப் பழகிய காசை விரட்டவில்லை என்பதில் ஐயமில்லை. ஆணையால் தொடங்கும் நாணயம் நம்பிக்கையால்தான் நிலைக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்திய ரூபாயே இலங்கையிலும் புழங்கியது. 1872இல் அங்கு ரூபாய் நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது; நாம் தசம முறைக்கு மாறியது 1957இல்தான். 1950இல் இலங்கைக்கெனத் தனி மத்திய வங்கி அமைந்த பிறகும் இரு ரூபாய்களும் சம மதிப்பிலேயே இருந்தன. 1966 ஜூனில் இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்தது, டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆயிற்று. அன்று ஓர் இலங்கை ரூபாய் ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் பெறுமானம் கொண்டிருந்தது. என் பாட்டனார் கொழும்புப் பணத்தைத் தனியே எண்ணி வைத்த காரணம் பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

1977இல் இலங்கை தன் நாணயத்தை டாலருக்கு 16 ரூபாய் என்ற அளவில் சந்தையின் போக்குக்கு விட்ட பின் தராசு மறுபுறம் சாய்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது சில மாதங்களில் 360ஐ எட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் பசிக்கு அஞ்சிய குடும்பங்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கின. மகிந்தனின் வெறுங்கருவூலம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவுக்கு வந்தது.

மாற்று விகிதம் மட்டுமே ஒரு நாட்டின் வலிமையாகாது. ஓர் இந்திய ரூபாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய யென் கிடைக்கிறது. அதனால் நாம் ஜப்பானைவிடச் செல்வர்களாகிவிடவில்லை. உழைத்தவனின் கூலி நாளையும் அதே அரிசியை வாங்குமா என்பதே நாணயத்துக்கான உரைகல்.

அந்தக் கொட்டான் இப்போது என்னிடம் இருக்கிறது. சதத்தையும் அணாவையும் நான் இன்னும் பிரித்து வைக்கவில்லை.